குதிகால் வலிக்கு ஷூ வாங்குகிறீர்களா? பின்பக்கத்தை முதலில் பாருங்கள்

ஷூ கடையில் அளவு பார்த்துக் கொடுப்பது என் வேலை. குதிகால் வலி என்று வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். ஷூவுக்குள் கையை விட்டு கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். விரல் புதைந்தால் முகம் மலர்ந்துவிடும். “மெத்துனு இருக்கு, இதையே குடுங்க” என்பார்கள். அங்கேதான் நான் குறுக்கே பேசுவேன். விரலுக்கு மெத்தென்று இருப்பது, முழு உடம்பும் ஏறி நின்றால் அமுங்கிப் போய்விடலாம். வலிக்கிற குதிகாலுக்கு மெத்தையைவிடப் பிடிமானம்தான் முக்கியம்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. காலையில் எழுந்து வைக்கிற முதல் சில அடிகள் சுரீரென்று குத்தி, கொஞ்சம் நடந்ததும் வலி தணிகிறதென்றால் பெரும்பாலும் தொந்தரவு அந்தப் பட்டையில்தான். நடுப்பாதம் தளர்ந்து அமுங்கும்போதெல்லாம் பட்டை இழுபடும். அந்த இழுவையைக் குறைக்கிற ஷூதான் உங்களுக்கு வேண்டும்.

அதைக் கையாலேயே சோதிக்கலாம். ஷூவின் பின்சுவரை, அதாவது குதிகாலைச் சுற்றி நிற்கும் பகுதியை, இரண்டு பக்கமும் பிடித்து அழுத்துங்கள். சுலபமாக மடங்கினால் வேண்டாம். அடுத்து முன்னையும் பின்னையும் பிடித்து ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்குங்கள். நல்ல ஷூ லேசாகத்தான் திரும்பும். கடைசியாக முனையைத் தரையில் ஊன்றி அழுத்துங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் வளைந்தால் சரி. நடுவில் இரண்டாக மடிந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

முன்பக்கத்தைவிடக் குதிகால் பக்கம் சற்று உயர்ந்திருப்பதும் நல்லது. 8 முதல் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் பலருக்கு ஒத்துவரும். முற்றிலும் தட்டையான சோல் கெண்டைக்கால் தசையையும் சேர்த்து இழுக்கும்.

ஒரு விஷயம். உங்கள் வலி அடியில் இல்லாமல் பின்னால், கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தசைநாண் குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் இருந்தால் விறைப்பான பின்சுவர் அங்கேயே உரசும். அப்படியானால் உங்களுக்கு மேல்விளிம்பு மிருதுவாகவும் அந்த இடத்தைத் தொடாமலும் இருக்கும் ஷூ வேண்டும். அதனால் “எங்கே வலிக்கிறது, விரலை வைத்துக் காட்டுங்கள்” என்று கேட்காமல் நான் பெட்டியைத் திறப்பதே இல்லை.

போட்டுப் பார்க்க மாலையில் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் நிஜமான அளவு. வழக்கமாகப் போடும் சாக்ஸையும் எடுத்துப் போங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும். எழுந்து நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து அதன் மேல் நின்று பாருங்கள். பாதம் ஓரங்களைத் தாண்டி வழிந்தால் அகலம் போதாது, ஒரு சைஸ் கூட்டுவதால் அது தீராது. அகலமான மாடலையே கேளுங்கள்.

அப்புறம் நடங்கள். கம்பளத்தில் வேண்டாம், கெட்டியான தரையில். குதிகால் தூக்கித் தூக்கி விழுகிறதா என்று கவனியுங்கள். லேசாகத் தூக்கினால் மேலே கடைசியாக இருக்கும் கூடுதல் துளையில் லேஸை வளையமாகக் கோர்த்து, எதிர்ப்பக்க முனையை அதற்குள் விட்டு இறுக்குங்கள். குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படியும் நழுவினால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. “போகப் போகப் பழகிடும்” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். குதிகால் வலியோடு இருப்பவருக்கு முதல் நாளே சௌகரியமாக இருக்க வேண்டும்.

வாங்கியதும் முதலில் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். ஒத்துவராவிட்டால் மாற்ற முடியும். பழைய ஷூவை மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. நடைக்கும் ஓட்டத்துக்குமான ஷூக்கள் 500 முதல் 800 கிலோமீட்டரில் உள்ளே தளர்ந்துவிடும், மேலே புதிதாகவே தெரிந்தாலும்.

ஷூ பாதி வேலைதான். வீட்டில் கெட்டித் தரையில் வெறுங்காலோடு நடப்பதைக் குறையுங்கள், கெண்டைக்காலைத் தினமும் நீட்டிவிடுங்கள். மரத்துப்போதல், வீக்கம், இரவில் படுத்திருக்கும்போதும் வலி என்று ஏதாவது இருந்தால், அல்லது சர்க்கரை நோய் இருந்தால், கடைக்கு வருவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.