சுவரில் தொங்கும் கொம்பும் அதன் எண்ணும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

விஸ்கான்சின், மிச்சிகன், மினசோட்டா, பென்சில்வேனியா மாதிரியான மாநிலத்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கிறீர்கள் என்றால், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், குளிர் கோட்டு பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். நவம்பரில் வரும் மான் வேட்டைப் பருவத்தைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. முதல் வருடம் நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனால் பாதி நாற்காலிகள் காலி. மீதிப் பேர் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். திரையில் இறந்த மான் ஒன்று. அதன் கொம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி, எங்கள் குழுவிலேயே மிக அமைதியான மனிதர். "நூற்று ஐம்பத்தைந்து இருக்கும்" என்றார் ஒருவர். "கிராஸா, நெட்டா?" என்றார் இன்னொருவர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் என் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த எண் என்ன, அது எதற்காகத் தோன்றியது, அதைச் சுற்றி வேட்டைக்காரர்களே போடும் சண்டை என்ன என்றெல்லாம் தெரிந்த பிறகுதான் அந்த மனிதரோடு என்னால் மனசு விட்டுப் பேச முடிந்தது. நீங்கள் அதற்கு இரண்டு மூன்று வருடம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கொம்பு

தமிழில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மானுக்கும் ஒரே சொல்தான், கொம்பு. இங்கே ஆடு மாட்டுக்கு ஹார்ன், மானுக்கு ஆன்ட்லர். ஹார்ன் என்பது உள்ளே எலும்பு, மேலே நகம் போன்ற உறை. பிறந்ததிலிருந்து சாகும்வரை வளரும், உதிராது. ஆன்ட்லர் முழுக்க எலும்பு. ஒவ்வொரு குளிர்காலமும் உதிர்ந்து, வசந்தத்தில் புதிதாக முளைக்கும். வளரும் காலத்தில் அதன்மேல் ரத்த ஓட்டமுள்ள மெல்லிய ரோமத்தோல் இருக்கும். அதை வெல்வெட் என்கிறார்கள். கோடை முடிவில் மான் அதை மரத்தில் தேய்த்து உரித்துவிடும். நம் புள்ளிமானும் கடமானும் இந்த வகைதான். வெளிமானின் பெயரில் மான் இருந்தாலும் அதன் முறுக்குக் கொம்பு உதிராது.

ஆக, சுவரில் நீங்கள் பார்க்கும் அவ்வளவு பெரிய எலும்பும் ஒரே வருடத்தில், சில மாதங்களில் வளர்ந்தது. மானின் வயது, தின்ற தீனி, பரம்பரை எல்லாம் அதில் தெரியும். இந்தப் பக்கம் பெரும்பாலும் வேட்டையாடப்படும் வெண்வால் மானுக்குப் பொதுவாக ஐந்து வயதுக்கு மேல்தான் கொம்பு அதன் முழு அளவை எட்டுகிறது.

ஆண் மானை பக் என்பார்கள், பெண் மானை டோ. நம் பழைய சொல்லில் கலை, பிணை. மொத்தக் கொம்புக்கு ரேக் என்று பெயர். "டென் பாயின்டர்" என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து முனை. மேற்கு மாநிலங்களில் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணி "ஃபோர் பாயின்ட்" என்பார்கள். அங்கே பேசும்போது குழம்ப வேண்டாம்.

எண் எப்படி வருகிறது

கொம்பு அளவுகளுக்குப் பதிவேடு வைத்திருக்கும் பழைய வேட்டைக்காரர் அமைப்பான பூன் அண்ட் கிராக்கெட் கிளப் 1950இல் ஏற்றுக்கொண்ட முறைதான் இன்றைக்கும் அடிப்படை. எல்லா அளவும் அங்குலத்தில், அரைக்கால் அங்குலம் வரை துல்லியமாக. (எட்டில் ஒரு பங்குக்கு நமக்கு அரைக்கால் என்று தனிச் சொல்லே இருப்பது இந்தக் கணக்கைப் படிக்கும்போதுதான் எனக்குப் பயன்பட்டது. 213 5/8 என்பதை இருநூற்றுப் பதின்மூன்றே அரையே அரைக்கால் என்று வாயால் சொல்லிவிடலாம்.)

ஒவ்வொரு பக்கமும் அளப்பவை: நடுத்தண்டின் நீளம், அதிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முனையின் நீளம், தண்டின் சுற்றளவு நான்கு இடத்தில். கிளை ஒன்று முனையாகக் கணக்கில் வர வேண்டுமானால் குறைந்தது ஓர் அங்குல நீளம் இருக்க வேண்டும், அகலத்தைவிட நீளம் அதிகமாகவும் இருக்க வேண்டும். இவற்றோடு இரண்டு தண்டுக்கும் நடுவே உள்ள உள்-அகலத்தைக் கூட்டுவார்கள். இதுதான் கிராஸ். பிறகு வலமும் இடமும் எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அந்த வித்தியாசத்தைக் கழித்தால் நெட்.

ஒரு பத்து முனை மானை எடுத்துக்கொள்வோம். வலத்தண்டு 24 அங்குலம், அதன் நான்கு முனைகள் 5, 10, 9, 6, சுற்றளவுகள் மொத்தம் 16 4/8. கூட்டினால் 70 4/8. இடத்தண்டு 23 4/8, முனைகள் 4 4/8, 9 4/8, 9, 5, சுற்றளவு அதே 16 4/8. கூட்டினால் 68. உள்-அகலம் 18. மொத்தம் 156 4/8, இது கிராஸ். பக்க வித்தியாசங்கள் சேர்ந்து 2 4/8. கழித்தால் நெட் 154. (தண்டின் நுனியும் ஒரு முனையாக எண்ணப்படும், ஆனால் தனியாக அளக்கப்படாது. அதனால்தான் பக்கத்துக்கு நான்கு முனை அளந்தும் அது பத்து முனை மான்.)

இந்த மானுக்கு எங்காவது ஒழுங்கு தவறி 3 அங்குல முனை ஒன்று கூடுதலாக முளைத்திருந்தால், டிப்பிக்கல் என்ற வகையில் அதைக் கழித்து 151 ஆக்கிவிடுவார்கள். நான்-டிப்பிக்கல் என்று இன்னொரு வகை உண்டு. அதில் இப்படிப்பட்ட முனைகளைக் கூட்டுவார்கள். வளர்ந்த எலும்பை எதற்குக் கழிக்க வேண்டும் என்று வேட்டைக்காரர்களே கேட்பார்கள். பேச்சில் பெரும்பாலும் கிராஸ் எண்ணைத்தான் சொல்வார்கள்.

வெண்வால் மானுக்கு பூன் அண்ட் கிராக்கெட்டின் நிரந்தரப் பதிவேட்டில் இடம்பெற டிப்பிக்கலில் 170, நான்-டிப்பிக்கலில் 195 வேண்டும். வில்வேட்டைக்கென்றே உள்ள போப் அண்ட் யங் கிளப்பில் 125, 155. அதிகாரப்பூர்வமாக அளக்கும் முன் கொம்பு 60 நாள் காய வேண்டும், ஈரம் வற்றும்போது சுருங்கும் என்பதால். மண்டையோடு இரண்டாகப் பிளந்திருந்தால் உள்-அகலத்தை நம்ப முடியாது, பதிவில் ஏற்க மாட்டார்கள்.

டிப்பிக்கல் உலக சாதனை 213 5/8. 1993 நவம்பரில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் மைலோ ஹான்சன் என்ற விவசாயி சுட்டது. நான்-டிப்பிக்கல் சாதனை 333 7/8. அது 1981இல் மிசௌரியின் செயின்ட் லூயிஸ் கவுண்டியில் கிடைத்தது. அதை வேட்டையாடியவர் என்று யாரும் இல்லை. இறந்து கிடந்த மானைக் கண்டெடுத்தார்கள். பட்டியலின் உச்சியில் இருப்பது அதுதான். இந்த எண் மானுடையது, சுட்டவருடையது இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

எதற்காகத் தொடங்கினார்கள்

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பை 1887இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூசவெல்ட்டும் இயற்கை ஆர்வலர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் சேர்ந்து தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் இறைச்சிக்கும் தோலுக்கும் விற்பதற்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதில் காட்டெருமை ஏறக்குறைய அழிந்துவிட்டது. வெண்வால் மானும் 1900 வாக்கில் சில லட்சமாகக் குறைந்துவிட்டது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 1922இல் தலைகளும் கொம்புகளும் கொண்ட ஒரு தேசியத் தொகுப்பைத் திறந்தார்கள், உலகில் மறைந்துகொண்டிருக்கும் பெருவிலங்குகளின் நினைவாக என்று எழுதிவைத்து. அதாவது இனி இவை இருக்காது, கடைசி அளவையாவது குறித்து வைப்போம் என்ற துக்கம் இந்த அளவுநாடாவுக்குப் பின்னால் இருந்தது.

ஆனால் மான்கள் மறையவில்லை. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநிலம் தாண்டி விற்பதை 1900இல் லேசி சட்டம் தடுத்தது. 1937இல் பிட்மன் ராபர்ட்சன் சட்டம் வந்தது; வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவீத வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. இன்றைக்கு வெண்வால் மான் சுமார் 3 கோடி. பெரிய கொம்பு வளர வேண்டுமானால் மான் பல வருடம் உயிரோடு இருக்க வேண்டும், காட்டில் நல்ல தீனி வேண்டும். எனவே பதிவேட்டில் ஒரு மாவட்டத்தின் பெயர் அடிக்கடி வந்தால் அந்தக் காடு நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அப்படியென்றால் தவறே இல்லையா?

இருக்கிறது. கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வேட்டையை எதிர்த்துப் பேசினால் உடனே வரும் பதில், "சுடாவிட்டால் மான் பெருகி, பயிரைத் தின்று, சாலையில் கார்களில் மோதும்" என்பது. மான் பெருக்கம் உண்மை. ஆனால் அதற்குப் பெரிய கொம்புள்ள கலையைச் சுடுவது பதில் ஆகாது. ஒரு கலை பல பிணைகளோடு சேரும். கலை ஒன்று குறைந்தால் குட்டிகள் குறைவதில்லை. எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் பிணையைத்தான் சுட வேண்டும், அதற்கென்று கொம்பில்லா மானுக்குத் தனி அனுமதிச் சீட்டு உண்டு. ஒருவர் வருடா வருடம் கொம்புக்காக மட்டும் காத்திருந்துவிட்டு மான் பெருக்கத்தைக் காரணம் சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. பிணையைச் சுட்டு, இறைச்சியைக் குடும்பத்துக்கு வைத்துக்கொண்டு மீதியைத் தேவைப்படுவோருக்குக் கொடுப்பவர் வேறு மனிதர்.

அடுத்தது வேலி. பூன் அண்ட் கிராக்கெட் ஃபேர் சேஸ் என்று ஒரு விதி வைத்திருக்கிறது: விலங்கு காட்டில் தன்னிச்சையாகத் திரிய வேண்டும், தப்பிக்க அதற்கு வழி இருக்க வேண்டும், வேட்டைக்காரருக்கு முறையற்ற சாதகம் இருக்கக் கூடாது. உயர வேலி போட்ட பண்ணையில் சுட்ட மானைப் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். ஆனாலும் அப்படிப் பண்ணைகள் நிறைய இருக்கின்றன. கொம்புக்காகவே பொறுக்கி இனப்பெருக்கம் செய்கிறார்கள், தலை தூக்க முடியுமா என்று நாம் பயப்படும் அளவுக்குக் கொம்பு. அளவு கூடக் கூட விலை கூடும். பணம் கட்டியவர் வந்து சுட்டுவிட்டுப் போவார். இதை வேட்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அலுவலக நண்பரும் இதைத்தான் சொன்னார், என்னைவிடக் கோபமாக. வேட்டைக்காரர்களுக்குள்ளேயே இவ்வளவு பெரிய பிளவு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

எண்ணின் மோகம் காட்டையே மாற்றும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மௌண்டன் என்ற மலையில் பெருங்கொம்பு ஆடுகளைப் பல பத்தாண்டுகள் கண்காணித்தார்கள். பெரிய கொம்புள்ள கிடாக்களை, அவை போதிய அளவு இனப்பெருக்கம் செய்வதற்கு முன்பே, தொடர்ந்து சுட்டதால் தலைமுறை தலைமுறையாகக் கொம்பு சிறுத்தது என்று 2003இல் ஆய்வு வெளியானது. சிறந்ததைத் தேடித் தேடி எடுத்தால் சிறந்தது மிஞ்சாது.

இன்னொன்று, யாரும் போட்டோ எடுக்காத விஷயம். அம்பு பட்டு, அல்லது குண்டு சரியான இடத்தில் படாமல், ஓடிப்போய் எங்கோ புதரில் சாகும் மான். எண் பெரிதாக இருந்தால் தூரத்திலிருந்தும், கிளை மறைவிலும், இருட்டும் நேரத்திலும் சுடத் தோன்றும். நான் மதிக்கும் வேட்டைக்காரர்கள், சுடாமல் விட்ட மான்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

அன்றாடத்துக்குச் சில விஷயங்கள்

யாராவது கொம்பைக் காட்டினால் "எப்படி மனசு வந்தது?" என்று தொடங்க வேண்டாம். பிடிக்காததைப் பிடித்ததாக நடிக்கவும் வேண்டாம். "எத்தனை நாள் காத்திருந்தீர்கள்? எவ்வளவு வயது இருக்கும்?" என்று கேளுங்கள். அவர் எப்படிப்பட்ட வேட்டைக்காரர் என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். எந்த இடம் என்று மட்டும் துல்லியமாகக் கேட்காதீர்கள், அது அவர்களுக்கு ரகசியம்.

இறைச்சி கொடுப்பார்கள். சைவம் என்றால் ஒரு வரி போதும், யாரும் தவறாக நினைப்பதில்லை. மான் சாசேஜில் பன்றி இறைச்சியோ கொழுப்போ பெரும்பாலும் கலப்பார்கள். சில சமயம் மாட்டிறைச்சி. தவிர்ப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சி.டபிள்யூ.டி. (கிரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்ற, மூளையைத் தாக்கிக் கொல்லும் நோய் மான்களிடம் பரவி வருகிறது. 1967இல் கொலராடோவில் முதலில் கவனித்தார்கள், 2002இல் விஸ்கான்சினில் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை. ஆனால் சமைத்தாலும் அழியாத வகை என்பதால், நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. "டெஸ்ட் செய்தீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அவர்களே எதிர்பார்க்கும் கேள்விதான்.

துப்பாக்கி விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது முக்கியமான விதிவிலக்கு. நண்பர் சும்மா பிடித்துப் பார் என்று நீட்டினாலும், குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் தொடாதீர்கள். உங்கள் பிள்ளையை நண்பன் வீட்டில் வேட்டைக்கு அழைத்தால், துப்பாக்கியை எங்கே பூட்டி வைக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

விஸ்கான்சினில் துப்பாக்கி சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வரும் விடுமுறை) முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள். மிச்சிகனில் நவம்பர் 15 முதல் 30 வரை. அந்த நாட்களில் காட்டுப் பாதையில் நடக்கப் போனால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் மேலாடையும் தொப்பியும் போடுங்கள், குழந்தைக்கும்தான். இருட்டும் நேரத்தில் காரின் முன் மான் வந்தால் பிரேக் பிடியுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள்.

இந்தியாவுக்கு நினைவுப் பொருளாகக் கொம்பு எடுத்துப் போக வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே மிகக் கடுமையானது. இது எந்த மானின் கொம்பு என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க நேரும்.

கொல்லாமல் கொம்பை ரசிக்க ஒரு வழி இருக்கிறது. குளிர்காலத்தில் தானாக உதிர்ந்த கொம்பைத் தேடி நடப்பது, ஷெட் ஹன்டிங். தேசியப் பூங்காக்களில் எடுக்கக் கூடாது. சில மேற்கு மாநிலங்களில், பட்டினியில் இருக்கும் மான்களைத் தொந்தரவு செய்யாமலிருக்கத் தேதி வைத்திருக்கிறார்கள். தனியார் நிலத்துக்கு அனுமதி வேண்டும். மண்டையோடு சேர்ந்து கிடந்தால் தொடாமல் வன அலுவலரிடம் கேளுங்கள், பல மாநிலங்களில் அதற்குத் தனி அனுமதி தேவை.

என்னை முதலில் கூட்டிப்போனது அந்த அலுவலக நண்பர்தான். மார்ச் மாதம், பனி பாதி உருகிய நிலம், நான்கு மணி நேரம் நடந்து ஒரே ஒரு கொம்பு கிடைத்தது. எலி கொறித்த தடம் ஒரு முனையில். உதிர்ந்த கொம்பை பூன் அண்ட் கிராக்கெட் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள், அதனால் அதற்கு அங்கே எண் கிடையாது. இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் என் மகள் தையல் நாடாவை எடுத்துவந்து தண்டு, மூன்று முனை, சுற்றளவு என்று வரிசையாக அளந்து ஒரு தாளில் எழுதினாள். மேலே தலைப்பாக, "இன்னும் உயிரோடு இருக்கும் மான்" என்று போட்டாள்.