கிறிஸ்துமஸ் பிஸ்கட் ட்ரஃபிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஸ்கட் பொடியை க்ரீம் சீஸோடு பிசைந்து உருட்டி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுப்பதுதான் பிஸ்கட் ட்ரஃபிள். மூன்றே பொருள், ஓவன் வேண்டாம், அரை மணி நேரத்தில் தயார் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நம்பி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. கைவேலை முக்கால் மணி நேரம்தான்; ஆனால் ஃப்ரிட்ஜிலும் வெளியிலுமாக வைத்துக் காத்திருக்கும் நேரம் இரண்டு மணிக்குக் குறையாது. உருண்டைகளை இரண்டு நாள் முன்பே பிடித்து வைத்துவிட்டு, சாக்லேட்டில் முக்குவதை மட்டும் முந்தின நாளுக்கு வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

கேக்கில் ஈரம் கொஞ்சம் கூடிப்போனால் ஓவன் சூடு ஓரளவு இழுத்துச் சரிக்கட்டிவிடும். இதில் அப்படிக் காப்பாற்ற ஆளில்லை. கலவையில் சேர்ந்த ஈரம் கடைசி வரை அங்கேயே இருக்கும். இந்த ட்ரஃபிளில் நடக்கிற தப்புகளில் முக்கால்வாசி ஈரத்தாலோ, சூடு குளிர்ச்சிக் கணக்கு தவறுவதாலோதான் வருகின்றன.

இது அமெரிக்காவில் ஓரியோ பால்ஸ் என்ற பெயரில் டிசம்பர் விருந்துகளுக்குச் செய்கிற பண்டம். ஓரியோ அங்கே 1912-லிருந்து விற்கிறது. நம் ஊர்க் கடைகளுக்கு 2011-ல்தான் வந்தது. அங்கே வழக்கமான அளவு சுமார் 400 கிராம் பிஸ்கட்டுக்கு 225 கிராம் க்ரீம் சீஸ். நம் வீடுகளில் முதல் சறுக்கல் இந்த இடத்தில்தான். க்ரீம் சீஸ் கிடைக்கவில்லை என்று ரொட்டியில் தடவும் சீஸ் ஸ்ப்ரெட்டைப் போடுகிறார்கள், அது உப்பு. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சேர்ப்பவர்களும் உண்டு. ராத்திரி முழுக்கத் தொங்கினாலும் அதில் தண்ணீர் மிச்சம் இருக்கும், மறுநாள் புளிப்பும் ஏறும்.

க்ரீம் சீஸ் இல்லையென்றால் கன்டென்ஸ்டு மில்க்தான் நல்ல மாற்று. ஆனால் அப்போது பிஸ்கட்டையும் மாற்ற வேண்டும். ஓரியோவின் இனிப்போடு அந்த இனிப்பும் சேர்ந்தால் இரண்டாவது உருண்டைக்குக் கை நீளாது. மாரி பிஸ்கட் 250 கிராம், இனிப்பில்லாத கோகோ பவுடர் மூன்று டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, கன்டென்ஸ்டு மில்க் 200 கிராம். உருட்ட வராவிட்டால் மட்டும் இன்னும் ஒரு ஸ்பூன், அப்புறம் இன்னொன்று என்று கூட்டலாம். ஓரியோவில் செய்பவர்கள் நடுவில் இருக்கும் க்ரீமைச் சுரண்டி எடுக்க வேண்டாம். அந்தக் கொழுப்பும் சர்க்கரையும் உருண்டை பிடிக்க உதவும். மேலே சொன்ன அளவும் க்ரீமோடு சேர்த்துத்தான்.

பிஸ்கட்டைப் பொடிப்பதற்கு முன் மிக்ஸி ஜாரை முகர்ந்து பாருங்கள். காலையில் இட்லிப் பொடியோ கரம் மசாலாவோ அரைத்த ஜார் என்றால், எத்தனை முறை கழுவினாலும் மூடியின் ரப்பர் வளையத்தில் அந்த வாசனை தங்கியிருக்கும். கொழுப்பு எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சாக்லேட்டில் பெருங்காயம் மணந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஜாரில் ஈரமும் இருக்கக் கூடாது. பொடி ரவை பதத்துக்கு வந்தால் போதும். பெரிய துண்டுகள் நின்றுவிட்டால் உருண்டையின் மேல் துருத்திக்கொண்டு, சாக்லேட் முக்கும்போது அந்த இடத்தில் மட்டும் உறை மெலிந்துவிடும்.

க்ரீம் சீஸ் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கலந்தால் வெள்ளைத் திட்டுகளாக நிற்கும். அரை மணி வெளியே வைத்து, தனியாகக் குழைத்துவிட்டுப் பொடியைச் சேர்ப்பது நல்லது. கலந்ததும் சிலருக்கு உலர்ந்தது போலத் தோன்றும். உடனே கை பாலுக்குப் போகும். பொறுங்கள். பிஸ்கட் பொடி ஈரத்தைக் குடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், குடித்தபின் கலவையே மாறிவிடும். கால் மணி மூடி வைத்துவிட்டு, ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். விரிசல் விடாமல் நின்றால் சரி, கையில் அப்பினால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். அதற்கு இன்னும் நான்கு பிஸ்கட்டைப் பொடித்துச் சேர்க்கலாம். மைதா சேர்க்க வேண்டாம், அது பச்சை மாவு.

உருண்டை அளவில் பலர் தாராளம் காட்டிவிடுகிறார்கள். எலுமிச்சம்பழ அளவு உருண்டையைக் கடித்தால் உறை உடைந்து சட்டையில் விழும். ஒரே வாயில் போடுகிற அளவு, அதாவது 15 கிராம் போதும். 400 கிராம் பிஸ்கட்டில் நாற்பது உருண்டை வரை வரும். அதை முக்க 400 கிராம் சாக்லேட் எடுத்து வைத்தால் குறைவு வராது.

இனி சாக்லேட். காசும் இதில்தான் அதிகம், கண்ணீரும் இதில்தான் அதிகம். கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று கோகோ பட்டர் உள்ள அசல் சாக்லேட். மற்றது காம்பவுண்ட், அதில் கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. பாக்கெட்டின் பின்னால் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும். ருசியில் அசலுக்கு ஈடில்லை. ஆனால் கோகோ பட்டர் ஆறு விதமாகப் படிகமாகக்கூடியது. அதில் ஒரு விதம்தான் பளபளப்பாகவும் உடைத்தால் சத்தம் வருகிற மாதிரியும் இருக்கும். அந்த விதத்தை வரவழைக்க டெம்பரிங் செய்ய வேண்டும். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 28 டிகிரிக்கு இறக்கி, மறுபடி 31, 32 டிகிரிக்கு ஏற்றுவது. தெர்மாமீட்டர் இல்லாமல் சும்மா உருக்கி முக்கினால் மறுநாள் சாம்பல் பூத்து, தொட்டால் விரலில் ஒட்டும். முதல்முறை செய்பவர்களுக்கு என் யோசனை காம்பவுண்ட்தான். உருக்கினோம், முக்கினோம், ஆறியது என்று முடிந்துவிடும். சாக்லேட் வல்லுநர்கள் முகம் சுளிக்கட்டும்.

சாக்லேட் போதவில்லை என்று வீட்டில் கிடந்த அசல் சாக்லேட் பாரைக் காம்பவுண்டோடு சேர்த்து உருக்காதீர்கள். இரண்டு கொழுப்பும் ஒத்துப்போகாது. உறை சரியாக இறுகாமல் மெத்தென்று நின்றுவிடும், சீக்கிரம் வெளுக்கவும் செய்யும்.

உருக்கும்போது முதல் எதிரி தண்ணீர். டபுள் பாய்லரில், அதாவது வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கும்போது, கீழே தண்ணீர் தளதளவென்று கொதித்தால் ஆவி மேலேறி கிண்ணத்துக்குள் இறங்கும். நாலைந்து சொட்டு போதும். பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் சட்டென்று திரண்டு, கரண்டியைத் தூக்கினால் மொத்தமாக ஒட்டிக்கொண்டு வரும். சாக்லேட்டில் இருக்கும் சர்க்கரையும் கோகோ துகளும் அந்த ஈரத்தைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். அதை மறுபடி முக்குவதற்கு ஏற்றபடி கொண்டுவர முடியாது. சூடான க்ரீம் சேர்த்து, கனாஷ் என்கிற சாக்லேட் குழைவாக்கி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். ஈரக் கரண்டி, வெனிலா எசென்ஸ், கேக்குக்கு வாங்கிய தண்ணீர்க் கலர் எல்லாம் இதே வேலையைச் செய்யும். எசென்ஸை உள்ளே வைக்கும் கலவையில் ஊற்றுங்கள். வெள்ளைச் சாக்லேட்டைச் சிவப்பு, பச்சை ஆக்க வேண்டுமென்றால் எண்ணெயில் கரையும் கலர் கேட்டு வாங்குங்கள்.

கெட்டியாக இருக்கிறது என்று வெண்ணெய் போடுவதும் தப்பு. வெண்ணெயிலும் தண்ணீர் உண்டு. 200 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் வாசனையில்லாத ரீஃபைண்டு எண்ணெய் போதும். செக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் தேங்காய் மணம் வரும். அது பிடித்தவர்கள் ஊற்றட்டும். மைக்ரோவேவ் என்றால் பாதிப் பவரில் 30 விநாடி, வெளியே எடுத்துக் கிளறு, மறுபடி 30 விநாடி. முழுக்க உருகும்வரை உள்ளேயே விட்டால் நடுவில் கருகிவிடும். வெள்ளைச் சாக்லேட்டுக்கு இன்னும் பொறுமை வேண்டும்.

உறை விரிசல் விடுவது ஏன் என்று பலர் கேட்பார்கள். உருண்டையை ஃப்ரீசரில் கல்லாக்கிச் சூடான சாக்லேட்டில் முக்குவதால்தான். உறை சட்டென்று இறுகிச் சுருங்கும். உள்ளே இருப்பது மெல்ல வெப்பமடைந்து விரியும், விரிந்தால் உறை பிளக்கும். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தாலே போதும். ஃப்ரீசரில் வைத்துவிட்டீர்களென்றால் முதலில் ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, குளிர் தணிந்தபின் முக்குங்கள். சாக்லேட்டும் விரல் நுனியில் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. அதற்கு மேல் சூடென்றால் உருண்டை உள்ளேயே கரைந்து பொடி உதிர ஆரம்பிக்கும்.

அகலக் கிண்ணத்தில் முக்குவதைவிட உயரமான டம்ளர் நல்லது. முள்கரண்டியில் தூக்கி, டம்ளர் விளிம்பில் நாலு தட்டு, அடியை ஒருமுறை வழித்துவிட்டு பட்டர் பேப்பரில் இறக்குங்கள். தட்டாமல் வைத்தால் அடியில் சாக்லேட் குளம் கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே எடுத்து வைக்காமல் பத்துப் பத்தாக எடுங்கள். ஸ்பிரிங்கிள்ஸ் தூவுவது நாலு உருண்டைக்கு ஒருமுறை. குளிர்ந்த உருண்டை மேல் சாக்லேட் ஒரு நிமிடத்துக்குள் இறுகிவிடும், அப்புறம் தூவினால் தரையில்தான் கிடக்கும்.

ஃப்ரிட்ஜில் வைக்கும்போது இறுக்கமான மூடி உள்ள டப்பா கட்டாயம். நம் ஃப்ரிட்ஜில் இட்லி மாவு இருக்கும், நேற்றைய மீன் குழம்பு இருக்கும், சில வீடுகளில் மல்லிகைப் பூவும் இருக்கும். மல்லிகை மணக்கும் ட்ரஃபிளைக் குடும்பத்தில் ஒருவர்கூடத் தொட மாட்டார்கள். டப்பாவை வெளியே எடுத்ததும் திறக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் டிசம்பரிலும் காற்றில் ஈரப்பதம் அதிகம். குளிர்ந்த சாக்லேட் மேல் அது முத்துமுத்தாகப் படிந்து, சர்க்கரையைக் கரைத்து, காய்ந்தபின் வெள்ளைத் திட்டாக நிற்கும். மூடிய டப்பாவோடு அரை மணி வெளியே வைத்தால் ஈரம் டப்பாவின் வெளிப்பக்கம் படியும், துடைத்துவிட்டுத் திறக்கலாம்.

க்ரீம் சீஸ் வைத்துச் செய்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேஜையில் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் ஊரென்றால் ஒரு மணி நேரம்தான். மொத்தமாகப் பரப்பாமல் பாதித் தட்டு தீர்ந்தபின் மீதியைக் கொண்டுவாருங்கள். யாராவது, "இதுல முட்டை இருக்கா அக்கா?" என்று நிச்சயம் கேட்பார்கள், அதற்கு பிஸ்கட், சாக்லேட் பாக்கெட்டுகளில் பச்சைப் புள்ளியை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோதுமை, பால் இரண்டும் இதில் உண்டு, சோயாவும் பெரும்பாலும் இருக்கும். முந்திரி, பாதாம் சேர்த்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். ரம் சேர்த்தது தனித் தட்டில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில்.