பன்றிப் பண்ணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சினைப்படாமல் நிற்கும் தாய் தின்னும் காசு

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பன்றி வளர்ப்பவரிடம் கணக்குக் கேட்டால், இறைச்சி கிலோ என்ன விலை போகிறது, தவிட்டு மூட்டை எவ்வளவு ஏறிவிட்டது என்று மடமடவென்று சொல்வார். ஒரு தாய்ப்பன்றி வருடத்துக்கு எத்தனை குட்டிகளைப் பால்மறக்கும்வரை உயிரோடு கொண்டுவருகிறது என்று கேளுங்கள், யோசிக்கத் தொடங்கிவிடுவார். பண்ணை நிற்பதும் சரிவதும் இந்த இரண்டாவது கணக்கில்தான்.

சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. குட்டிகளை ஐந்தாவது வாரத்தில் பால்மறக்கச் செய்து, அதற்கடுத்த ஒரு வாரத்துக்குள் தாய் மறுபடி பருவத்துக்கு வந்து சினைப்பட்டால் ஒரு சுற்று சுமார் 156 நாளில் முடியும். அப்படியென்றால் வருடத்துக்கு இரண்டு ஈற்றுக்கும் மேல். ஒரேயொரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வர 21 நாள். அந்த 21 நாளும் தாய் சும்மா நிற்காது, ஏறத்தாழ 50 கிலோ தீனைத் தின்றுவிட்டுத்தான் நிற்கும்.

ஆனாலும் பருவம் பார்ப்பதைத்தான் பலர் பராக்காக விடுகிறார்கள். தீன் போடும் நேரத்தில் எட்டிப் பார்த்து, பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருந்தால் உடனே ஆண் பன்றியை உள்ளே விடுவது வழக்கம். வீக்கம் பருவத்தின் முன்னறிவிப்பு மட்டுமே. அந்த நேரத்தில் தாய் ஆணைக் கிட்ட நெருங்க விடாது, கத்திக்கொண்டு ஓடும். காலையும் மாலையும் ஆண் பன்றியை வேலிக்கு மறுபக்கம் நிறுத்திவிட்டு, தாயின் இடுப்புப் பக்கம் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பாருங்கள். நான்கு காலையும் அகட்டி, காதை விறைத்து, கல்லுப்போல நின்றால் அதுதான் நேரம். அப்படி நிற்கத் தொடங்கி 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் ஒருமுறை, பிறகு அரை நாள் விட்டு இன்னொருமுறை சேர்த்தால் சினைப்படும் வாய்ப்பும் குட்டிகளின் தொகையும் கூடும். சேர்த்த திகதியைக் கொட்டில் சுவரிலாவது எழுதிவையுங்கள். 21ஆம் நாளை ஒட்டித் திரும்பப் பருவம் வருகிறதா என்று பார்க்காதவர், மூன்றாம் மாதம் வயிறு பெருக்கவில்லையே என்றுதான் கண்டுபிடிப்பார்.

வீக்கத்தை நம்பக்கூடாது என்பதற்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. சோளன் நன்றாகக் காயாமல் மூட்டையில் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். ஒருவகைப் பூஞ்சணம் விடுகிற சியரலெனோன் என்ற நஞ்சு பெண் ஓமோன்போலவே உடம்பில் வேலை செய்யும். பருவ வயதுக்கு வராத குட்டிப் பெட்டைகளுக்குக்கூடப் பிறப்புறுப்பு வீங்கும், மடி பருக்கும். ஒரே கொட்டிலில் நாலைந்து பெட்டைகள் ஒரேயடியாக வீங்கி நின்றால் ஆண் பன்றியைத் தேடாதீர்கள், தீன் மூட்டைக்குள் கையை விட்டு மணந்து பாருங்கள். கோழிக்கு ஆகாதென்று ஒதுக்கிய சோளனைப் பன்றிக்குக் கொட்டுவது நட்டத்துக்கு மேல் நட்டம்.

அடுத்தது, எதை இனத்துக்கு வைப்பது என்பது. கொழுத்து முந்தி வளர்ந்ததையெல்லாம் இறைச்சிக்கு விற்றுவிட்டு, விலைபோகாமல் கடைசியில் நிற்கிற சோத்திப் பெட்டையைத் தாயாக்குவது இங்கே சர்வசாதாரணம். அது தன்னைப்போலவே பின்தங்கிய குட்டிகளைத்தான் போடும். நிறையக் குட்டி ஈன்று நன்றாகப் பால் கொடுத்த தாயின் ஈற்றிலிருந்து பெட்டைகளைத் தெரியுங்கள். குட்டியைப் புரட்டிப் பிடித்துக் காம்பை எண்ணுங்கள்: பக்கத்துக்கு ஆறு, ஏழு என்று குறைந்தது 12, ஒழுங்கான இடைவெளியில் இருக்கவேண்டும். உள்வாங்கிய காம்பில் பால் வராது. முதல் பருவத்திலேயே அவசரப்பட்டுச் சேர்க்காமல் ஏழு, எட்டு மாதமாகி, இரண்டாம் அல்லது மூன்றாம் பருவம் வரை பொறுத்தால் அந்தத் தாய் பல ஈற்றுக்கு நின்று பிடிக்கும்.

தகப்பனையே மகளோடு சேர்ப்பதும் நடக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒரே ஆண் பன்றி மூன்று வருடம் நின்றால் தானாகவே அங்கேதான் வந்து முடியும். குட்டித்தொகை குறையும், குடல் இறங்கிய குட்டிகள் பிறக்கும். இரண்டு வருடத்துக்குள் ஆணை மாற்றுங்கள். மாற்றுவதென்றால் ஊரில் ஒருவரிடம் இருப்பதை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோவது என்று அர்த்தமில்லை. அது பன்றியோடு நோயையும் ஏற்றி இறக்குகிற வேலை. புதிதாக வாங்கியதைக் குறைந்தது ஒரு மாதமாவது தனியே, தூரத்தில் கட்டி வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விடவேண்டும்.

தீன் விஷயத்தில் பலர் தலைகீழாக நடக்கிறார்கள். சினையாக இருக்கும்போது பாவமென்று அள்ளி வைக்கிறார்கள், குட்டி போட்டபின் பழைய அளவையே கொடுக்கிறார்கள். சினைத்தாய்க்கு நாளுக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ போதும். கொழுத்த தாய் ஈனக் கஷ்டப்படும், படுக்கும்போது குட்டியை நசிக்கும். பால் கொடுக்கிற தாய்க்கோ ஐந்து ஆறு கிலோவும் காணாது, தண்ணீர் நாளுக்கு 20 லீற்றருக்கு மேல் வேண்டும். அங்கே மிச்சம் பிடித்தால் அது தன் உடம்பை உருக்கிப் பால் கொடுத்து, பால்மறந்த பின் பருவத்துக்கே வராமல் நிற்கும்.

“இந்த வெக்கைக்குள்ள குட்டிக்கு என்னத்துக்குத் தம்பி பல்ப்?” என்று கேட்பவர்கள் உண்டு. பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 பாகை செல்சியஸ் சூடு வேண்டும், தாய்க்கோ 20 பாகை அளவில்தான் சுகம். மார்கழி மழை இரவில் நனைந்த சீமெந்துத் தரையில் குட்டி விறைக்கும். விறைத்த குட்டி சூடு தேடித் தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுக்கும், தாய் புரளும்போது நசியும். ஒரு மூலையைப் பலகையால் அடைத்து, குட்டி மட்டும் நுழையும் ஓட்டை விட்டு, வைக்கோலும் பல்பும் வைத்தால் போதும். சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 20, 25 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு பைப்பையும் சுற்றிப் பூட்டினால் குட்டி ஒதுங்க இடம் இருக்கும். சீம்பாலை முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் ஒவ்வொன்றும் குடித்ததா என்று பார்ப்பதும், மூன்றாம் நாளளவில் 200 மில்லிகிராம் இரும்புச்சத்து ஊசி போடுவதும் விடக்கூடாதவை. சீமெந்தில் வளரும் குட்டிக்குக் கிண்டித் தின்ன மண் இல்லை, தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு.

வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதை வேறு. பன்றிக்கு வியர்க்காது. தகரக் கூரைக்குக் கீழே அடைபட்ட ஆண் பன்றி ஏறும், இறங்கும், ஆனால் தாய் சினைப்படாது. வெக்கையில் கெட்ட விந்து தேற ஐந்தாறு வாரம் எடுக்கும். அதனால்தான் ஆடியில் அடித்த வெயிலின் பலன் ஆவணியில் தெரியவரும்போது பழி தாயின்மேல் விழுகிறது. தகரத்துக்கு மேலே கிடுகு போடுங்கள், மதியத்தில் தண்ணீர் தெளியுங்கள், சேர்ப்பதை விடியலுக்கு மாற்றுங்கள்.

வயலோரக் கொட்டில்களுக்கு நுளம்புத் தொல்லை வெறும் கடியோடு போவதில்லை. வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு ஜப்பான் மூளைக்காய்ச்சல் வைரஸைப் பரப்பும். வளர்ந்த பன்றி நோய்ப்பட்டதுபோலத் தெரியாது, சினைத்தாய் மட்டும் செத்ததும் காய்ந்து கறுத்ததுமான குட்டிகளைப் போடும். பன்றியின் உடம்பில் பெருகும் அந்த வைரஸை நுளம்பு மனிதருக்கும் கொண்டுவரும், ஆகவே வீட்டோடு ஒட்டிக் கொட்டில் போடுவது நல்லதில்லை. நுளம்புவலையும், மிருக வைத்தியரிடம் தடுப்பூசி பற்றிய விசாரிப்பும் வேண்டும்.

இதையெல்லாம் ஒரே கிழமையில் துடைத்துவிடக்கூடியது ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2024 கடைசியில் இலங்கைக்குள் உறுதிசெய்யப்பட்டது, பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவியது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்குச் சிகிச்சையும் கிடையாது. பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல் மிச்சம் மலிவென்று வாளி வாளியாக ஏற்றுபவர்கள்தான் கூடுதலாகப் பயப்படவேண்டும். அந்த வாளிக்குள் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று கிடந்தாலே போதும், குளிரூட்டியில் உறைந்த இறைச்சியிலும் வைரஸ் உயிரோடு இருக்கும். மிச்சச் சாப்பாட்டை விடுவதே நல்லது. விடமுடியாதென்றால் நன்றாகக் கொதிக்க விட்டு, கிளறிக்கிளறி அரை மணித்தியாலத்துக்கு மேல் காய்ச்சுங்கள். இறைச்சிக்காரரை வாசலிலேயே நிறுத்துங்கள், அவர் அன்றைக்கே பத்துக் கொட்டில் ஏறி இறங்கியிருப்பார். கொட்டிலுக்கென்று தனிச் செருப்பு இருக்கட்டும்.

கடும் காய்ச்சல், தீன் மறுப்பு, காதும் வயிறும் சிவந்து நீலம்பாரித்தல், திடீர்ச் சாவு என்று கண்டால் மிச்சத்தை அவசரமாக விற்கவேண்டாம். அப்படி விற்ற பன்றிதான் அடுத்த ஊருக்கு நோயைக் கொண்டுபோகும். செத்ததை வாவியிலோ வாய்க்காலிலோ போடாமல், அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்கிறபடி ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

நத்தார் சந்தையைப் பிடிக்க நினைப்பவருக்கு ஒரு கணக்கு. ஆறு மாதத்தில் விற்கும் அளவுக்கு வருகிற குட்டி டிசெம்பர் நடுவில் தயாராக வேண்டுமென்றால் ஜூன் நடுவில் பிறந்திருக்கவேண்டும், தாய் பெப்ரவரி 21ஐ ஒட்டிச் சினைப்பட்டிருக்கவேண்டும். ஒக்டோபரில் விலை விசாரிக்கிறவர் விற்கக்கூடியது தாய்ப்பன்றியை மட்டும்தான். அதையும் விற்றால் தவக்காலம் முடிந்து பாஸ்கு வரும்போது கொட்டில் காலியாக இருக்கும்.