புஸ்ஸி வில்லோ: கத்தரியை எடுப்பதற்கு முன்

புஸ்ஸி வில்லோ, வசந்தத்தில் வெள்ளிப் பஞ்சுமொட்டு விடும் புதர்ச்செடி. அதற்கு வெயில் வேண்டும், வேர் காயக்கூடாது என்பதெல்லாம் நர்சரி அட்டையிலேயே இருக்கிறது. அட்டையில் இல்லாதவை, பலரும் செய்யும் இந்தத் தவறுகள்.

அக்டோபர் கவாத்து

கனடாவின் ஒன்ராறியோவில் இலை கொட்டத் தொடங்கியதும் தோட்டத்தைத் துப்புரவாக்கும் வேகம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. வேலி வெட்டும் எந்திரத்தை எடுத்துப் புதரைப் பந்துபோல் உருட்டி விடுகிறார்கள். ஏப்ரல் வந்ததும் ‘இது பூக்காத ரகம்’ என்று செடிமேல் பழி போடுகிறார்கள். சிலர் பிடுங்கியும் எறிகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் செடியிடம் ஒரு குறையும் இல்லை.

வசந்தத்தில் விரியும் வெள்ளிப் பஞ்சுமொட்டு முந்தைய கோடையிலேயே, அந்த ஆண்டு வளர்ந்த குச்சியில் உருவாகிவிடும். ஒவ்வொரு மொட்டையும் ஒரே ஒரு பழுப்புச் செதில் தொப்பிபோல் மூடியிருக்கும். அக்டோபரில் நுனியை வெட்டினால் குப்பைக்குப் போவது அடுத்த ஆண்டின் பூ. வருடாவருடம் இப்படி வெட்டினால் பூவைப் பார்க்கவே முடியாது.

பூ வாடியதும், இலை முழுதாக விரியும் முன் வெட்டுங்கள். அங்கே பெரும்பாலும் ஏப்ரல் கடைசி. நுனிகளைத் தொடாமல், மிக முதிர்ந்து தடித்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையை ஒட்டி அறுத்தெடுங்கள். இப்படியே மூன்று ஆண்டு செய்தால் புதர் முழுக்கப் புதுத் தண்டாகிவிடும். கைமீறி வளர்ந்த புதரை அதே பருவத்தில் 15 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மொத்தமாக வெட்டலாம். கோடையில் எழும் நீண்ட குச்சிகள் மொட்டுக் கட்ட நேரம் இருக்கிறது. உடைந்த கிளை, காய்ந்த கிளைக்குக் காலம் பார்க்க வேண்டாம்.

தொங்கு ரகத்தை அடியோடு வெட்டுவது

மேலே சொன்ன மொத்த வெட்டு ‘கில்மார்னாக்’ ரகத்துக்கு ஆகாது. அது ஐரோப்பிய வில்லோ. நேர்த்தண்டின் உச்சியில் ஒட்டுக் கட்டியது. ஒட்டுக்குக் கீழே அறுத்தால் தொங்கும் கிளை இனி வராது, அடித்தண்டுதான் துளிர்க்கும். தண்டில் கிளம்பும் துளிர்களை இளசிலேயே கிள்ளிவிடுங்கள்.

கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் அருகே நடுவது

குறைந்தது 10 மீட்டர் தள்ளி.

பூ பார்க்காமல் போத்து வாங்குவது

ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மஞ்சள் மகரந்தம் பொங்குவது ஆணில் மட்டுமே. குளிர் விட்டு வெளிவரும் தேனீக்களுக்கு முதலில் கிடைக்கும் உணவுகளில் அதுவும் ஒன்று. பெண் பூ பச்சையாக, அடக்கமாக இருக்கும். பூத்திருக்கும்போதே ஆண் செடியைப் பார்த்து அடையாளம் கட்டிவையுங்கள். பென்சில் தடிமனில், 25 செ.மீ. நீளத்தில், துளிர்க்கும் முன் வெட்டிய போத்து முருங்கைப் போத்துபோல் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், மொட்டு நுனி மேல்நோக்கி. தலைகீழாக நடுபவர்கள் நிறையப் பேர்.

ஜாடியில் தண்ணீர்

வெட்டிய குச்சியை ஜாடியில் வைக்கும்போது பஞ்சு வெள்ளியாகவே நிற்க வேண்டுமா? தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் மகரந்தம் மேசையெல்லாம் கொட்டும், பிறகு இலை வரும், வேரும் விடும்.