பிள்ளைகளுக்கு இணையத்தில் தேடக் கற்றுக்கொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் விடுமுறை நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தேடக் கற்றுக்கொடுக்கிறோம். புதிதாகச் சேரும் தன்னார்வலர்கள் எங்கள் தொடக்கக்காலப் பிழைகளையே திரும்பச் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை போன்றவை தாமாகவே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் விடையோடு நிறுத்துவது

கீழடி எத்தனை ஆண்டுப் பழமை உடையது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு தன்னார்வலர் கேட்டார். ஒரு சிறுமி 2200 என்றாள். அருகிலிருந்த சிறுவன் 2600 என்றான். அவனுக்குச் 'சரி', அவளுக்குத் 'தவறு' என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான். அச்சிறுமி திறந்து வைத்திருந்தது 2017-ஆம் ஆண்டுச் செய்தி; அப்போது வெளியான காலக்கணிப்பில் கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் வயது ஏறத்தாழ 2200 ஆண்டுகள் என்றே வந்திருந்தது. பின்னர் மாநிலத் தொல்லியல் துறையின் அகழாய்வில் கிடைத்த மாதிரிகளுள் ஒன்று கி.மு. 580-ஐச் சேர்ந்தது எனத் தெரியவந்து, 2019-இல் அறிக்கை வெளியான பிறகே 2600 என்ற எண் பரவியது. 'செய்தியின் தேதியைப் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு எண்களும் எப்படி வந்தன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்திருப்பார்கள். மாறாக, பக்கத்துப் பையனின் திரையைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு என்று அவள் கற்றுக்கொண்டாள். விடை கிடைத்ததும் யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப் பழக்குங்கள். தேடல் பக்கத்தின் உச்சியில் வரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தைப் படித்தாலும், அதிலுள்ள இணைப்பைத் திறந்து பார்க்காமல் குறிப்பேட்டில் எழுத விடாதீர்கள்.

விடையைக் கேள்விக்குள்ளேயே வைப்பது

'கீழடி மதுரை மாவட்டம்' என்று தேடினால், அந்தச் சொற்கள் உள்ள பக்கங்களே முன்னால் வரும். பிள்ளையும் தன் ஊகம் உறுதியானதாக எண்ணிக்கொள்ளும். கீழடி இருப்பதோ சிவகங்கை மாவட்டத்தில். 'கீழடி எந்த மாவட்டம்' என்று தேடச் சொல்லுங்கள்.

பாடநூல் வினாவை அப்படியே ஒட்டுவது

ஆயத்த விடைகளைத் தரும் நோட்ஸ் தளங்களே வரும்.

ஒரே எழுத்து வடிவில் தேடுவது

திருமலை நாயக்கர் அரண்மனையை மகால், மஹால் என இருவிதமாகவும் எழுதுகிறார்கள். இரண்டையும், ஆங்கிலப் பெயரையும் தேடிப் பார்க்கட்டும்.

பிள்ளையின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்குவது

கூடாது. பொருந்தாத சொல்லாக இருந்தாலும் பிள்ளையே தட்டச்சு செய்து, வந்ததைப் படித்து, தானே மாற்றட்டும்.