இன்ஃப்ராரெட் ஃபில்டர்: மாட்டுவதற்கு முன்பே ஃபோகஸ்

720 நானோமீட்டர் ஃபில்டர் (ஹோயா ஆர்72 போன்றது) பெரும்பாலும் அகச்சிவப்பு (இன்ஃப்ராரெட்) ஒளியை மட்டுமே விடும், கண்ணுக்குக் கிட்டத்தட்ட கறுப்புக் கண்ணாடிதான். அதனால் ட்ரைபாடில் ஃப்ரேம் வைத்து, ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிய பிறகே மாட்டுங்கள். திருகும்போது ஃபோகஸ் வளையம் நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள். பலருக்குப் படம் மங்குவது இங்கேதான். அகச்சிவப்பு ஒளி கொஞ்சம் பின்னால் குவியும். பழைய லென்ஸ்களில் இதற்கெனச் சிவப்புக் குறி இருக்கும், ஃபோகஸ் ஆன தூரத்தை அதற்கு நேராக வையுங்கள். குறி இல்லையென்றால் லென்ஸ் துளையை எஃப்/8ல் வைப்பது பெரும்பாலும் காப்பாற்றும். எஃப்/16க்குப் போகாதீர்கள்: சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் விழும், துளை சிறுக்கச் சிறுக்க அது கூடும்.

மாற்றியமைக்காத கேமராவில் சென்சார் முன்னுள்ள தடுப்புக் கண்ணாடி அகச்சிவப்பைப் பெருமளவு வெட்டிவிடும். ஆகவே உச்சி வெயிலிலும் ஐஎஸ்ஓ 400ல் ஒரு படத்துக்குப் பல வினாடிகள், சில கேமராக்களில் 30 வினாடிகூட ஆகும். டிஎஸ்எல்ஆர் என்றால் வ்யூஃபைண்டரை மூடுங்கள், அதன் வழியே ஒளி கசியும். காற்றில்லாத நேரம் பாருங்கள். இலை ஆடினால் படத்தில் அது வெள்ளைப் புகைபோல் மங்கிவிடும்.

ஃபில்டர் வாங்கும் முன் ஒரு சோதனை: டிவி ரிமோட்டை லென்ஸுக்கு நேரே பிடித்து, பட்டனை அழுத்துங்கள். லைவ் வ்யூவில் (கேமராத் திரையில்) ரிமோட் முனையில் ஒளிப் பொட்டு பளிச்சென்று தெரிந்தால் நல்லது, உங்கள் கேமரா அகச்சிவப்பைப் பார்க்கிறது.

வெயில் படும் புல்லை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுங்கள், ரா (RAW) ஃபைலாகச் சுடுங்கள். பிறகு எடிட்டிங்கில் சிவப்பு, நீலச் சேனல்களை இடம் மாற்றினால் வானம் நீலமாகும்.