பிஎம் கிசான்: உங்கள் ஊரில் யாருக்கெல்லாம் பணம் வருகிறது என்று பார்ப்பது எப்படி?

பிஎம் கிசான் திட்டத்தில் நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருடம் 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வருகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஊர்வாரியான பயனாளிகள் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. லாகின், ஓடிபி எதுவும் வேண்டாம்.

1. பிஎம் கிசான் அரசு இணையதளத்தைத் திறந்து கீழே இறங்கினால் 'ஃபார்மர்ஸ் கார்னர்' வரும். அதில் 'பெனிஃபிஷியரி லிஸ்ட்'டைச் சொடுக்குங்கள். என்னைக் கேட்டால் கணினிதான் வசதி. போன் மட்டும்தான் என்றால் பிரௌசரில் 'டெஸ்க்டாப் சைட்' போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் இந்தத் திட்டத்தின் பெயரில் சுற்றும் ஏபிகே கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) தொடவே தொடாதீர்கள், வங்கிக் கணக்கையே துடைத்துவிடும்.

2. மாநிலம், மாவட்டம், சப் டிஸ்ட்ரிக்ட், பிளாக், வில்லேஜ் என்று வரிசையாகக் கேட்கும். நான் முட்டி நின்றது இங்கேதான். சப் டிஸ்ட்ரிக்ட் என்றால் வட்டம், பிளாக் என்றால் ஊராட்சி ஒன்றியம். இரண்டின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வில்லேஜ் என்பது வருவாய் கிராமம். நாம் குடியிருக்கும் ஊர் அதற்குள் அடங்கிய குக்கிராமமாக இருந்தால், ஊர்ப் பெயரைத் தேடிப் பயனில்லை. வீட்டில் இருக்கும் சிட்டாவை, அதாவது நில உரிமை விவரம் உள்ள வருவாய்த் துறை ஆவணத்தை எடுங்கள். தலைப்பிலேயே மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம் மூன்றும் இருக்கும்.

அப்புறம் ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல். 'கீழ' என்று தொடங்கும் ஊரானால் 'கே'க்குப் பிறகு ஒற்றை 'ஐ'யா, இரட்டை 'ஈ'யா என்று இரண்டையும் பாருங்கள். 'ழ'வுக்கு 'இசட் ஹெச்' போட்டிருக்கலாம், வெறும் 'எல்' போட்டிருக்கலாம். பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

3. 'கெட் ரிப்போர்ட்' அழுத்துங்கள். பெயரும், ஆணா பெண்ணா என்பதும் வரும். அவ்வளவுதான். தந்தை பெயர் இல்லை, சர்வே எண் இல்லை, எத்தனை தவணை போனது என்பதும் இல்லை. ஊரில் நாலு முருகன் இருந்தால் எந்த முருகன் என்று எப்படிச் சொல்வது? இதை அரைகுறை வெளிப்படைத்தன்மை என்றுதான் சொல்வேன். 2020-இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் நுழைக்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனது வெளியே வந்தது. தந்தை பெயர் மட்டுமாவது பட்டியலில் இருந்தால், நிலமே இல்லாதவர் பெயரை ஊர்க்காரர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. யார் மீதாவது சந்தேகம் என்றால், புகாருக்கு முன் விதியைப் பாருங்கள். நிறைய நிலம் வைத்திருப்பது இப்போது தடையில்லை, 2 ஹெக்டேர் வரம்பை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். வீட்டில் கார் நிற்பதும் காரணமாகாது. வருமான வரி கட்டுபவர், கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர், மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்குத்தான் கிடையாது.

5. மேலும் விவரம் வேண்டுமென்றால் வேளாண்மைத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். தனி ஆளின் வங்கி விவரத்தைக் கேட்டால் அந்தச் சட்டத்தில் விலக்குகளைச் சொல்லும் பிரிவு 8-ஐக் காட்டி மறுப்பார்கள். 'இந்த வருவாய் கிராமத்தில் தகுதியின்மையால் நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், திரும்ப வசூலித்த தொகை எவ்வளவு' என்று கேளுங்கள்.

பின்சேர்க்கை: "பட்டியலில் பெயர் இருக்கிறது, பணம் வரவில்லையே" என்று சிலர் கருத்துப் பெட்டியில் கேட்டிருந்தார்கள். 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' பகுதியில் பதிவு எண் கொடுத்து நில விவரம், இ-கேஒய்சி (இணையவழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதார்–வங்கி இணைப்பு மூன்றும் சரியா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் உங்களுடைய மற்ற வங்கிக் கணக்குகளையும் பாருங்கள். ஆதார் வழியாக வரும் பணம், நேரடி மானியத்துக்காகக் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும்.